மாமனார் ஓட்டிய ரேஸ் கார்

"தாத்தா, நீங்க இப்ப எதை ஓட்டறீங்க?"

குட்டி ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாகக் கேட்ட கேள்வி இது. வகுப்பில் யார் வீட்டில் யாருக்கு என்ன வேலை என்று பேச்சு வந்திருக்கிறது. எங்க தாத்தா டவுன் பஸ் ஓட்டுகிறவர் என்று இவள் பெருமையாகச் சொல்ல, அவர் ஓய்வு பெற்றுவிட்டாரே, இப்போது எதை ஓட்டுகிறார் என்று டீச்சர் கேட்டுவிட்டாராம்.

தாத்தா சிறிது யோசித்தார். கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு மகள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"பொழுதை ஓட்டறார்னு சொல்லு," என்றார்.

சொல்லிவிட்டு, எதிரே சோபாவில் படுத்திருந்த மருமகனை ஒரு பார்வை பார்த்தார். செய்தித்தாளைக் கேட்கிறார் என்று நினைத்து மருமகன் அதை எடுத்து நீட்டினான். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருக்கிறவருக்குச் செய்தித்தாள் எதற்கு என்பது நீட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

மருமகன் பல் கட்டுகிறவன். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, அந்த அளவுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவன். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருடைய சிரிப்பு அவன் கைவேலை. அப்புறம் பட்டறை முதலாளி ஒரு மெஷின் வாங்கினார். அது களைப்பே இல்லாமல் பல்லாகத் துப்பித் தள்ளியது. அதோடு இவனுடைய சொந்தச் சிரிப்பு எங்கேயோ தொலைந்துபோயிற்று. வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு சோபாவில் படுத்தவன்தான். சோபாவில் அவன் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. ஆனாலும், இந்த வீட்டில் பாவப்பட்ட ஜீவன் யார் என்று கேட்டால், யோசிக்காமல் மாமனாரைத்தான் காட்டியிருப்பான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மாமனார் சொன்னார்: "கண்ணு தெளிஞ்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை நான் கிளம்பறேன்."

"எங்கப்பா போவீங்க?" என்றாள் மகள்.

"என் வீட்டுக்குத்தான்."

வீடு என்றால் ஒரு டயர் கடையின் மாடியில் ஒற்றை அறை. மனைவி போன பிறகு தாமே சமைத்து, தாமே சாப்பிட்டு, தட்டையும் தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஜன்னலிலிருந்து பார்த்து, போகிற வருகிற பஸ்களின் டிரைவர்களைத் திட்டிக்கொண்டு இருப்பார்.

அவர் கை கழுவ எழுந்ததும் மகள் தன் புருஷனிடம் கிசுகிசுத்தாள். "ஏங்க, எப்படியாவது அப்பாவை இங்கேயே இருக்க வைங்க. அங்க போனா ஒரு வாய் பேச்சுக்குக்கூட ஆள் கிடையாது. இங்க இருங்கன்னா, மக வீட்டுல சும்மா உக்காந்து எப்படி சாப்பிடறதுன்னு கேக்கறார்."

பொழுதை ஓட்டறேன் என்ற வார்த்தை மருமகன் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. ஓட்டுவதற்கு ஏதாவது கொடுத்தால் மனிதர் இருப்பார் என்று அவனுக்குத் தோன்றியது. இந்த வீட்டுக்கு மேலே குடியிருக்கும் மாடி வீட்டுக்காரரின் பையன் வெளியூரில் படிக்கப் போனபோது விட்டுப்போன சாமான் நினைவுக்கு வந்தது: கம்ப்யூட்டரில் பொருத்தி விளையாடும் ஸ்டியரிங், காலுக்குக் கீழே வைக்கும் பெடல்கள், கார் பந்தய விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னால் அந்தப் பையனுக்குக் கோபம் வரும். அது அசல் காரையும் அசல் ரோட்டையும் அப்படியே பாவனை செய்யும் சிமுலேட்டர். தூசியோடு இருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக் கொடுத்த மாடி வீட்டுக்காரர், "இடம் காலியானா சரி," என்றார்.

சாப்பாட்டு மேஜையைத் தவிர வேறு எதிலும் ஸ்டியரிங் நிற்கவில்லை. அதிலேயே முடுக்கினான். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒருவர் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டியிருந்தது. ஸ்டியரிங் திரும்பும்போது தட்டும் கூடவே திரும்பும்.

மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார். கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பஸ் எடுக்கும் முன் தினமும் சொன்ன பிரார்த்தனை. பொம்மை வண்டிக்கு அது வேண்டாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கண்ணைத் திறந்தபோது திரையில் ஒரு கம்பெனியின் சின்னம் சுழன்றது. பிறகு இன்னொரு கம்பெனியின் சின்னம். பிறகு சம்மதமா என்று கேட்கும் நீண்ட ஒப்பந்தம். பிறகு பெயர், பிறகு கார் தேர்வு, பாதை தேர்வு, காருக்கு என்ன நிறம், டயருக்கு எவ்வளவு காற்று.

"மாப்ள," என்றார் மாமனார், கையை எடுக்காமலே. "பஸ்ஸை எடுக்க இவ்வளவு நேரமானா பயணிங்க எறங்கி நடந்தே வீடு போய்ச் சேர்ந்திருப்பாங்க."

காற்று விவகாரம் முடிவதற்குள் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

மருமகன் வீடியோக்களைப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தான். முகப்பில் இருக்கும் படத்தைத் தட்டினால்தானே விளையாட்டு திறக்கிறது? அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் விளையாட்டின் முகவரி ஒரே வரியாக இருக்கிறது. அந்த வரிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, கட்டளையை எழுதிவிட்டால் போதும். கடையில் டீ கேட்கும்போதே சர்க்கரை வேண்டாம், சூடாக, பெரிய டம்ளரில் என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறோமே, அந்த மாதிரி. அறிமுகம் வேண்டாம், இந்தக் கார், இந்தப் பாதை, இத்தனை போட்டியாளர்கள், இவ்வளவு சத்தம். தட்டினால் நேராக ரோட்டில் போய் நிற்கும்.

"அவ்வளவுதானா?" என்று மாமனார் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அவ்வளவுதான் மாமா. ரெண்டு நிமிஷம்."

கட்டளைகளை அடித்தான். தட்டினான். அப்படி ஒரு விளையாட்டே இங்கே இல்லை என்று கம்ப்யூட்டர் கைவிரித்தது. முகவரிக்கும் முதல் கோட்டுக்கும் நடுவே இடைவெளி விட மறந்திருந்தான். விட்டான். சின்னங்கள், ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் கார் நேராகப் பாதையில் வந்து நின்றது. மாமனார் பிரார்த்தித்து, பெடலை மிதித்து, இடது பக்கம் திருப்பினார். கார் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. ஸ்டியரிங் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பக்கம், இவன் வேண்டாமென்று தள்ளிவிட்ட பக்கங்களில் ஒன்று.

"இந்த வண்டியை டிப்போவுக்கு வெளியவே விட்டிருக்கக் கூடாது மாப்ள," என்றார் மாமனார் நிதானமாக.

அதற்கும் ஒரு கோடு, ஒரு கட்டளை. இந்த முறை கார் திரும்பியது. ஆனால் திரை தபால் தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதற்கு இன்னொரு கோடு. திரை விரிந்தது; போட்டியாளர்களைக் காணவில்லை.

மாமனார் தனியாக ஒரு சுற்று ஓட்டினார். "என்ன மாப்ள, ரோட்டுல ஒரு ஈ காக்காயைக் காணோம். ஊரடங்கா?"

முடிவில் திரை அவருக்கு முதல் இடம் கொடுத்தது. கடைசி இடமும் அவருக்குத்தான். சனிக்கிழமை மாலைக்குள் எல்லாம் சரியாயிற்று. மனைவியும் குட்டியும் வந்து நிற்க, மாமனார் முதல் பந்தயம் ஓட்டினார்.

பந்தயம் என்றுதான் பேர். மற்ற கார்கள் சீறிக்கொண்டு பறந்தன. இவர் ஒவ்வொரு வளைவிலும் கையை ஜன்னல் பக்கம் நீட்டி சிக்னல் காட்டினார். வேலியோரம் வேடிக்கை பார்க்கிறவர்கள் கூட்டமாக நிற்கும் இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி, நின்றேவிட்டார்.

"ஏன் தாத்தா நிக்கறீங்க?"

"ஜனங்க நிக்கறாங்கல்ல. ஏறுவாங்களோ என்னமோ."

கடைசியாகத்தான் வந்தார். ஆனால் எவர்மேலும் இடிக்காமல் வந்தார். குட்டி கை தட்டினாள்.

"பலே மாப்ள. நல்லா வேலை செய்யுது," என்று எழுந்தார் மாமனார். "சரி. நாளைக்குக் காலைல நான் கிளம்பறேன்."

மருமகனுக்கு முகம் விழுந்துவிட்டது. போய்ச் சோபாவில், பழைய பள்ளத்தில் படுத்துக்கொண்டான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மாமனார் கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பையைத் தூக்கும் முன் கடைசியாக ஒரு சுற்று போகலாம் என்று மாமனார் உட்கார்ந்தார். கார் வரவில்லை. பழையபடி சின்னங்கள் சுழன்றன.

"மாப்ள, இங்க வாங்க. மக்கர் பண்ணுது."

மருமகன் எழுந்து வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான். அறிமுகம் வேண்டாம் என்ற கட்டளைக்கு முன்னால் கோட்டைக் காணோம். "நேத்து போட்டேனே," என்று தலையைச் சொறிந்தான்.

"இது சரியாகாம எப்படிப் போறது? பாதியில விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது," என்ற மாமனார், பையைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

அடுத்த வாரம் முழுக்க அந்தப் படம் ஒருநாள் ஒழுங்காக இருந்தால் மறுநாள் தகராறு செய்தது. கண்ணுக்குத் தெரியாத இடுக்கில்கூடப் பிசகாமல் பல் செதுக்கியவன் மருமகன். அவன் போட்ட கோடுகள் அவனை ஏமாற்றுவதை அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காலையில் எழுந்ததும் முகம் கழுவி, தாடியை மழித்து, சட்டை மாற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். டூட்டிக்குப் போகிற மாதிரிதான். மாமனாரும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வார்.

ஒருநாள் சத்தத்தின் எண்ணை மிகக் குறைவாக, பத்து என்று போட்டிருந்தான். ஏனென்றால் மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை. மறுநாள் மாமனார் படத்தைத் தட்டினார். இருபது ரேஸ் கார்கள் ஒரே நேரத்தில் உறுமின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளறையில் மனைவி போனில் இருந்தாள்.

"மேடம், நீங்க எங்கேருந்து பேசறீங்க?" என்று கேட்டாராம் வாடிக்கையாளர்.

"ஆபீஸ்ல இருந்துதான் சார்."

"ஆபீஸ் எங்க போய்ட்டிருக்கு மேடம்?"

போனை வைத்துவிட்டு அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இரண்டு ஆண்களும் கம்ப்யூட்டரின் வயரை எல்லாம் பிடுங்கிவிட்டு, எது எங்கே இருந்தது என்று தெரியாமல் நின்றார்கள். அவள் திட்டத்தான் வந்தாள். ஆனால் புருஷன் கையில் ஒரு வயரோடு, அசட்டுத்தனமாக, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். எத்தனையோ நாளாக அந்த வீட்டில் காணாத சிரிப்பு. கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

பெட்டியைத் திறந்து பார்த்தால், பத்துக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் கூடி நூறாகியிருந்தது.

"என் விரலு தடிச்சுப் போச்சு மாமா," என்றான் மருமகன்.

"எனக்கும் வயசாயிடுச்சு, என் கண்ணுக்கும் அது படல," என்றார் மாமனார்.

இன்னொரு நாள் மருமகன் குளித்துவிட்டு வரும்போது மாமனாரும் குட்டியும் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருந்தார்கள். இவனைக் கண்டதும் மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து விசைப்பலகையைத் துடைத்தார்.

"தூசி மாப்ள. தூசி போனாலே பாதி வியாதி போயிடும்."

குட்டிக்கு ஏனோ விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க ஓடினாள்.

அந்த நாளில் கார் மழையில் நின்றது. வைப்பர் இல்லை. மாமனார் தலையை வெளியே நீட்டி ஓட்டுகிற பாவனையில், மேஜைக்கு அப்பால் கழுத்தை நீட்டி, சிக்னல் காட்டிக்கொண்டே கடைசி இடத்துக்கு வந்தார். மழையை நிறுத்தக் கட்டளை தேடி இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டையே மறந்தார்கள். இடையில் பழைய பட்டறையில் கூட வேலை பார்த்தவன் ஒருவன் போன் செய்தான். வேலை போனதிலிருந்து அவன் போனை எடுக்காமல் இருந்த மருமகன், கைவேலையாக இருந்த வேகத்தில் எடுத்துவிட்டான். "எங்கேயாவது ஆள் எடுத்தா சொல்லுடா, வர்றேன்," என்று சொல்லியும்விட்டான். மாமனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது ஒரு கோளாறு வந்து அதை உள்ளே தள்ளியது.

கடைசியில் மருமகன் ஒரு வீடியோவில் பூட்டு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தான். வரியைச் சரியாக எழுதிவிட்டு, அந்தப் படத்தைப் 'படிக்க மட்டும்' என்று குறித்துவிட்டால், குறியை எடுக்கும்வரை அதில் யாரும் எதுவும் மாற்ற முடியாது. கம்ப்யூட்டர்தான் தானாக எதையோ செய்கிறது என்பது அவன் முடிவு. இந்தக் கோளாறைத் தீர்த்துவிட்டால் மாமனார் நிம்மதியாக ஓட்டுவார், ஓட்டினால் இருப்பார். மாமனார் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் பூட்டினான். திடீரென்று காட்டி அசத்தலாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் கார் சரியாக வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. சனிக்கிழமையும் வந்தது. வெயில், இருபது போட்டியாளர்கள், மென்மையான சத்தம். மாமனார் ஓட்டினார், ஆனால் ஏனோ கூட்டம் நிற்கும் இடத்தில்கூட வண்டியை நிறுத்தவில்லை.

"எப்படி மாமா? இனிமே அசையாது," என்றான் மருமகன் பெருமையாக.

"ஆமா மாப்ள. அசையவே மாட்டேங்குது," என்றார் மாமனார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எல்லாம் சரியாயிடுச்சு. இனிமே எனக்கு இங்க என்ன வேலை? நாளைக்குக் கிளம்பிடறேன்."

"இங்கேயே ஓட்டிட்டு இருக்கலாமே மாமா."

"இருக்கலாம்தான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, உள்ளறையில் அவர் சட்டைகளை மடித்து அடுக்கும் ஓசை கேட்டது. மகள் சமையலறையில் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். மருமகன் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தான். இத்தனை பாடுபட்டு எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு மனிதர் ஏன் போகிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை.

குட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது முடித்த கண்.

"அப்பா, கம்ப்யூட்டருக்கு என்ன பண்ணீங்க?"

"சரி பண்ணேன். ஏன்?"

"நானும் தாத்தாவும் எவ்வளவோ பாத்தோம். எதை மாத்தினாலும் அனுமதி இல்லைன்னு வருது."

"நீங்க ஏன் அதை மாத்தணும்?"

குட்டி உள்ளறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தாத்தாதான்பா தினமும் ஏதாவது ஒண்ணை மாத்தி வைப்பார். எனக்கு ரேஸெல்லாம் பிடிக்காது, உங்கப்பா சோபாவை விட்டு எந்திரிக்கணும், அதுக்குத்தான் ஓட்டறேன்னார்."

மருமகனுக்குச் செய்தித்தாளை நீட்டிய அந்த மாலை நினைவுக்கு வந்தது. நூறான பத்து, தூசி துடைத்த துண்டு, திரையைப் பார்த்துக்கொண்டே இந்தப் பக்கம் வைத்திருந்த காது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கடவுள் பார்த்தால் போதும் என்று செய்கிற உதவிக்கு ஓசை இருக்காது. இருபது கார் உறுமியும் அவன் காதில் அது விழவில்லை.

"போய் அம்மாவுக்குப் பாத்திரம் துடைச்சுக் குடு," என்று குட்டியை அனுப்பினான்.

ஹாலில் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றான். பூட்டை எடுத்தான். அவ்வளவு பாடுபட்டு எழுதிய வரியில், எந்தக் கோடு இல்லாவிட்டால் எதுவுமே ஓடாதோ, அந்தக் கோட்டைத் தேடி அழித்தான். பெட்டியை மூடினான். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"மாமா, கொஞ்சம் வாங்களேன். மறுபடியும் மக்கர் பண்ணுது."

உள்ளே சட்டை மடிக்கும் ஓசை நின்றது. பிறகு பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும் ஓசை கேட்டது.

"வர்றேன் மாப்ள. பாதியில விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது."